பிடிச்சேன்

காலையில் நர்ஸ் தூக்கிப் பூட்டிவிட்டுப் போன கட்டிலின் பக்கத் தடுப்புக் கம்பி, மதியம் சுமைக்காரர் கண் விழித்தபோது கீழே இறங்கிக் கிடந்தது. மூன்று நாளாக இதே கதை.

மருந்து நெடியும் ஈரத்துணி வாடையும் கலந்து, மின்விசிறியின் கறகறப்பில் வார்டே அசந்து கிடந்தது. முறிந்த இடுப்பில் ஆபரேஷன் செய்து வைத்த தகடு விண்ணென்று தெறித்தது. மணிக்கட்டில், விழக்கூடியவர்களுக்குக் கட்டும் மஞ்சள் பட்டை.

"கம்பியை நான் இறக்கலம்மா," என்றார், வந்து நின்ற நர்ஸிடம்.

"உங்களால முடியாதுங்கய்யா, கொக்கி வெளிப்பக்கம் அடியில இருக்கு," என்றபடி நர்ஸ் கம்பியை ஏற்றினாள். "பீரோ தூக்கின உடம்புன்னு வீராப்பு காட்டாதீங்க. இன்னொரு தடவை விழுந்தா எழுந்திரிக்கவே மாட்டீங்க. பெல்லை அழுத்துங்க, வரேன்."

"நான் இருக்கேன்ல சிஸ்டர்," என்று சிரித்தான் துணைக்கு இருந்த மச்சினன். "இருபது வருஷமா மாமாவுக்கு மறுமுனை நான்தானே."

நிஜம்தான். எந்தச் சாமானுக்கும் ஒரு முனை இவர், மறுமுனை அவன். "பிடிச்சியா?" என்று கேட்டு, "பிடிச்சேன்" என்று பதில் வந்தால்தான் கையை விடுவது. போன வாரம் மாடிப்படியில், கீழே நின்ற இவர் கை மாற்றக் கேட்டபோதும் மேலிருந்து "பிடிச்சேன்" என்றான். விட்டார். பீரோ இவர்மேல் வந்தது. வழுக்கிவிட்டது என்று அழுதவனை இவர்தான் தேற்றினார்.

நர்ஸ் போனதும் அவன் திரையை இழுத்துவிட்டான். இவர் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

கட்டிலுக்கு அடியில் விரல்கள் துழாவும் சத்தம். டக். கம்பி இறங்கியது. தலையணையோரம் இருந்த பெல் ஒயர் மெல்ல மெல்ல நகர்ந்து, இல்லாமல் போனது. பிறகு பாட்டில் மூடி திருகும் ஓசை. இமை இடுக்கில் பார்த்தார்: தரையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். சத்தம் வராமல். நிதானமாக.

கத்த வாயைத் திறந்தார். அதற்குள் அவன் முகம் மேலே குனிந்தது.

"முழிச்சிட்டீங்களா மாமா? பாத்ரூம் போகலாம், வாங்க."

அக்குளில் இரண்டு கைகள். தூக்கின. நிறுத்தின. பாதத்துக்கு அடியில் ஈரம். அவன் சட்டையை இரண்டு கையாலும் கெட்டியாகப் பற்றிக்கொண்டார். அக்குளிலிருந்து கைகள் விலகின.

"பிடிச்சியா?" தானாக வந்தது வாயில்.

"பிடிச்சேன் மாமா. விடுங்க."

குனிந்து பார்த்தார். அவன் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் போயிருந்தன.

சட்டையைப் பற்றியிருந்த அவர் விரல்கள், இருபது வருஷப் பழக்கத்தில், ஒவ்வொன்றாகத் தாமே பிரியத் தொடங்கின.