மூன்றாம் பொத்தானுக்குக் கீழே

தையற்காரி தன் கணவரின் இரண்டு சட்டைகளை மேசைமேல் போட்டாள்.

"அவரு என்னை விட்டுட்டுப் போகப் போறாரு, டாக்டரம்மா."

அக்கா ஓய்வுபெற்ற எலும்பு மருத்துவர். தெருவில் எந்த மர்மமானாலும் அவளிடம்தான் வரும். தம்பிக்கு அதில் அக்காவைவிட ஆர்வம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"தினம் காலையில ஓடி ஓடி ஆளு பாதியாயிட்டாரு. இப்ப திடீர்னு பீரோ சாவியக் கையில கொடுக்கிறாரு. தண்ணி மோட்டார் ரிப்பேர் பண்ணச் சொல்லித் தர்றாரு. குளிச்சுட்டு வந்தா துண்டால நெஞ்ச மூடிக்கிறாரு."

"பொம்பள விவகாரம்தான். சந்தேகமே இல்ல," என்றான் தம்பி.

"ஓடிப் போறவன் பொண்டாட்டிக்கு மோட்டார் கத்துக்கொடுப்பானாடா?"

அக்கா சட்டைகளை வெளிச்சத்தில் பிடித்தாள். ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம். ஒடுக்கமானதில் மூன்றாவது பொத்தானுக்குக் கீழே துணி நைந்திருந்தது.

"இளைச்சப்புறம் தைச்ச எல்லாத்துலயும் அந்த இடம்தான் நையுது. பழசுல ஒண்ணுலகூட இல்ல," என்றாள் தையற்காரி.

"அவரைக் கூப்பிடு."

கணவர் வந்தார். மேசையில் சட்டைகளைப் பார்த்ததும் அவர் விரல்கள் தாமாக நெஞ்சுக்குப் போயின.

"அந்தக் கட்டிய எப்ப பாத்தீங்க?" என்றாள் அக்கா.

அவர் முகம் வெளுத்தது. "மூணு மாசம் ஆச்சு. உங்களுக்கு எப்படி..."

"ஒரே இடத்த நாள் முழுக்க அழுத்திப் பாக்குறீங்க. துணி சொல்லுது. சாவியும் மோட்டாரும் மிச்சத்தச் சொல்லுது. செத்துப் போயிடுவோம்னு முடிவு பண்ணிட்டீங்க. படுங்க."

கட்டிலில் படுக்கவைத்து விரலால் தடவினாள். கழுத்துக்குக் கீழே தொடங்கினாள்.

"மார்பெலும்ப ஒரு வாள்னு நெனச்சுக்கோங்க. மேல இது கைப்பிடி. நடுவுல இது உடல். அடியில இது வாள்முனை, நீங்க கட்டின்னு நெனச்சது. சின்ன வயசுல குருத்தெலும்பு. நாப்பது தாண்டினா கெட்டியாகும். சிலருக்கு முன்பக்கமா வளைஞ்சிருக்கும், உங்கள மாதிரி."

"அப்ப இது இத்தன வருஷமா..."

"பொறந்ததுலேருந்து இருக்கு. மேல தொப்பை மூடியிருந்துச்சு. நீங்க ஓடி ஓடி அதக் கரைச்சீங்க, எலும்பு எட்டிப் பாக்குது. அதான் பழைய சட்டை நையல. மனசுக்குத் திருப்தியா ஒரு எக்ஸ்ரே படம் எடுத்துக்குவோம். எனக்குச் சந்தேகம் இல்ல."

தம்பி திரும்பி நின்று சட்டைக்குள் கையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தட்டுப்படாதுடா. முதல்ல தொப்பையக் கரை," என்றாள் அக்கா.

கணவர் எழுந்து உட்கார்ந்தார். சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. தையற்காரி சிரிக்கவில்லை.

"மூணு மாசம். பக்கத்துலயே படுத்துக்கிட்டு, தனியா செத்துக்கிட்டு இருந்திருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"நீ பயப்படுவியேன்னு..."

"வீட்டுக்கு வாங்க. இன்னைக்கு இருக்கு உங்களுக்கு."

அவள் விறுவிறுவென்று படியிறங்கினாள். செருப்பை மாட்டக்கூட நிற்காமல், கையில் எடுத்துக்கொண்டு, அவர் சந்தோஷமாகப் பின்னால் ஓடினார்.