‘ஈரக்குடை’க்கு முன் நாற்பது நொடி

காலை பத்து மணிக்கு வந்த அந்தப் பெண்மணிக்கு நாற்காலி காட்டியும் பயனில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னல் வரை போனார், திரும்பி வந்து அதே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டுக் கம்பெனி ஒன்றின் ஒலிநாடாக் கிடங்குக்குக் காப்பாளர் அவர். தன் வேலை அன்று மாலை நான்கு மணியோடு போகப்போகிறது என்று சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

“நாலு மணிக்குள்ள நான் தப்பு பண்ணலைன்னு காட்டணும் மேடம். இல்லைன்னா வேலையும் போச்சு, பேரும் போச்சு. டேப்பை அழிச்சவள்னு ஒரு தடவை பேர் விழுந்துட்டா, இந்தத் தொழில்ல யாரும் கிட்ட சேர்க்க மாட்டாங்க.”

“முதல்ல தண்ணி குடிங்க. பத்துக்கும் நாலுக்கும் நடுவுல ஆறு மணி நேரம் இருக்கு,” என்றார் அண்ணி.

அண்ணி என்பது உறவுமுறை. அதுவே தெருவுக்கெல்லாம் பெயராகிவிட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் உட்கார்ந்து, எரிந்த கடைகளைப் பற்றியும் காணாமல் போன லாரிகளைப் பற்றியும் மனிதர்கள் சொல்லும் கதைகளைச் சரிபார்த்தவர். இப்போது அதையே வீட்டிலிருந்து செய்கிறார். அவரை அண்ணி என்று கூப்பிட உண்மையான உரிமை உள்ளவன் ஒருவன்தான். கணவரின் தம்பி. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். எள் என்றால் எண்ணெயாக நிற்பான். எள் என்று யாரும் சொல்லாதபோதும் நிற்பான் என்பதுதான் அவனிடம் உள்ள சங்கடம்.

“எந்த டேப் அழிஞ்சது?” என்று அவன்தான் கேட்டான்.

“‘ஈரக்குடை’.”

கொழுந்தன் எழுந்தே நின்றுவிட்டான். அவன் வயதுக்காரர்களில் அந்தப் பாட்டுக்கு அழாதவர்கள் குறைவு. அதைப் பாடிய அம்மையார் நாற்பது வருடமாக ‘சோல்’ என்னும் மனதை உருக்கும் மேல்நாட்டு பாணியில் பாடுகிறவர். மற்றவர்கள் தொண்டையிலிருந்து பாடினால் இவர் வயிற்றிலிருந்து பாடுகிறார் என்பார்கள். அவருடைய எல்லாப் பாடல்களையும் பத்து இசைத்தட்டுகளில் அடக்கி, தடிமனான புத்தகம் ஒன்றையும் சேர்த்துப் பெரிய பெட்டியாக வெளியிடப்போகிறார்கள். இன்று மாலை எல்லாம் தயாரிப்புக்குப் போயாக வேண்டும்.

“பாட்டு போகலை. பாட்டுக்கு முன்னாடி ஸ்டூடியோவுல பேசின பேச்சு நாற்பது நொடி இருந்துச்சு, டேப் உறையில எழுதியிருக்கு, நான்கூட கேட்டதில்லை. அதுதான் போச்சு. பெட்டியில அதையும் சேர்க்கிறதா இருந்தாங்க. செவ்வாய்க்கிழமை மத்தியானம் டேப்பை எடுத்து கேக்குற ரூம் மேசையில வெச்சேன். இந்தப் பெட்டியைத் தயார் பண்ற தொகுப்பாளர் போட்டோ தேடச் சொன்னார்னு மாடிக்குப் போயிட்டேன். அரை மணி நேரம் ஆச்சு. மறுநாள் காலையில போட்டா வெறும் அமைதி. பதிவு பண்ற சிவப்புப் பொத்தானை நான் தெரியாம அமுக்கிட்டேன்னு தொகுப்பாளர் எழுதிக் கொடுத்துட்டார்,” என்றார் காப்பாளர்.

“மறுநாள் காலையில என்ன செஞ்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“டேப்பை மெஷின்ல மாட்டினேன். அதுவும் ஆரம்பம் வெளியே இருக்கிற மாதிரி தலைகீழா சுத்தியிருந்து என் உயிரை வாங்கிச்சு. நாங்க எப்பவும் கடைசிப் பக்கம் வெளியே இருக்கிற மாதிரிதான் வைப்போம். கேட்டு முடிச்சா அப்படியே பெட்டியில போட்டுடுவோம், திருப்பிச் சுத்த மாட்டோம். அடுத்த தடவை கேக்கும்போதுதான் சுத்துவோம். அன்னைக்கு நான் வழக்கம்போல மாட்டி சுத்தினா, டேப் உருவிக்கிட்டு வந்துடுச்சு. மாத்திப் போட அஞ்சு நிமிஷம் வீண்.”

“ஏன் அப்படி வைக்கணும்?”

“டேப் சுருளுக்குள்ள ஒரு சுத்து மேல இன்னொரு சுத்து வருஷக்கணக்கா ஒட்டிக்கிட்டு இருக்கும் இல்லையா? ஈரத்துணி சாயம் பக்கத்துத் துணியில ஏறுற மாதிரி, சத்தம் அடுத்த சுத்துல லேசா ஏறிடும். கடைசிப் பக்கம் வெளியே இருந்தா அந்தச் சாயம் சத்தத்துக்குப் பின்னாடி வரும். பெரிசா காதுல விழாது. மாத்தி வெச்சா, பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அதோட பேய் பாடும்.”

அண்ணி இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கொழுந்தன் அதற்குள் கார் சாவியை எடுத்திருந்தான்.

அது டிரைவிங் ஸ்கூல் கார். பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அண்ணி அதை யோசிக்காமல் பயன்படுத்துவார்.

“தொகுப்பாளர்தான் அண்ணி. இவங்களை மாடிக்கு அனுப்பினதே அவர்தானே. பேச்சுல ஏதோ அவரைப் பத்தி இருந்திருக்கு,” என்றான் கொழுந்தன் முதல் சிக்னலில்.

“அந்தப் பாட்டு பதிவாகும்போது அவர் பால்வாடிக் குழந்தை.”

இரண்டாவது சிக்னலில், “அப்ப பாடகியம்மாவேதான். அண்ணி, ஒண்ணு தெரியுமா? அவங்க ‘ஈரக்குடை’யை மேடையில பாடினதே இல்லை. எத்தனையோ கச்சேரி போயிருக்கேன், ஜனங்க கத்துவாங்க, அவங்க சிரிச்சுட்டு வேற பாட்டுக்குப் போயிடுவாங்க. அது அவ்வளவு புனிதம்னு சொல்லுவாங்க.”

அண்ணி பிரேக்கை மிதித்தார். “சிவப்பு. அதை இன்னொரு தடவை சொல்லு.”

அவன் இன்னொரு தடவை சொன்னான்.

சம்பந்தப்பட்டவர்களை எல்லாம் கிடங்குக்கு வரவழைத்துச் சேர்க்க மணி மூன்றாகிவிட்டது. கேட்கும் அறை ஒரே ஜன்னலோடு குறுகலாக இருந்தது. பெரிய ஒலிநாடா மெஷின், நான்கு நாற்காலிகள், ஒரு மேசை. தொகுப்பாளர் கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். பாடகிக்கு எழுபது வயதிருக்கும். ஊன்றுகோலைத் தரையில் தட்டிக்கொண்டேயிருந்தார். அவருக்குப் பக்கத்தில், அவருடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தங்கை. ஒரு காலத்தில் அக்காவுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவர்.

செவ்வாய்க்கிழமை மூவருமே இங்கே வந்திருந்தார்கள். தொகுப்பாளர் தாழ்வாரத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தாராம். பாடகி கால்வலி என்று காரில் உட்கார்ந்திருந்தாராம். தங்கை அங்கும் இங்கும் நடந்தாராம். யாருக்கும் சாட்சி இல்லை.

“பேச்சையும் சேர்க்கணும்னு யார் சொன்னது?” என்றார் அண்ணி.

“அம்மாதான். எனக்கே ஆச்சரியம். அவங்க பழைய பேச்சு எதையும் வெளியே விடமாட்டாங்க. இதை மட்டும் ஒரு வார்த்தைகூட வெட்டாம போடுங்கன்னு போன வாரம் சொன்னாங்க,” என்றார் தொகுப்பாளர்.

“கேட்டுப் பார்த்தீங்களா?”

“எனக்கு அந்த மெஷின்ல டேப் மாட்டவே தெரியாதுங்க. நான் கம்ப்யூட்டர் ஆளு. புதன்கிழமை இவங்க மாட்டிக் காட்டுறதா இருந்தது.”

பாடகியின் ஊன்றுகோல் தட்டுவது நின்றிருந்தது. “சேர்க்கச் சொன்னது நான்தான்,” என்றார் அவர்.

கொழுந்தனுக்கு அமைதி ஆகாது. தங்கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவன், “உங்களை எங்கேயோ பாத்திருக்கேன். கேசட் வாடகைக் கடை வெச்சிருந்தீங்க, சரிதானே?” என்றான்.

“பதினெட்டு வருஷம்,” என்று தங்கை லேசாகச் சிரித்தார்.

“ரொம்பக் கறார் நீங்க. முதலுக்குச் சுத்தாம கொண்டுவந்தா வாங்கவே மாட்டீங்க. என்னை ஒரு மழையில திருப்பி அனுப்பியிருக்கீங்க.”

“அடுத்தவங்க கேக்க வேணாமா? சுத்தி வெக்கிறதுதான் மரியாதை.”

அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு காப்பாளரிடம், “டேப்பைப் போடுங்க. அந்த நாற்பது நொடியையும் முழுசா கேக்கணும். சத்தத்தை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டுங்க. பாட்டு ஆரம்பிக்கும்போது குறைச்சுடுங்க,” என்றார்.

“அதுல ஒண்ணுமே இல்லை மேடம்.”

“இருக்கட்டும்.”

இரண்டு சுருள்களும் சுழன்றன. முதலில் செத்த அமைதி. நாற்பது நொடியும் அப்படியே. பிறகு, பாட்டுக்குச் சற்று முன்னால், அமைதியின் தன்மை மாறியது. பழைய டேப்பின் சன்னமான இரைச்சல் எழுந்தது. அந்த இரைச்சலுக்குள், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதைப் போல, ஒரு பெண் குரல்.

“முடியல... நீ பாடு.”

உடனே பாட்டு வந்தது. காப்பாளர் சத்தத்தைக் குறைக்கவும் மறந்து நின்றார். அண்ணியே எட்டிக் குறைத்தார்.

“அழிச்சவங்க பாட்டுக்குக் கிட்ட போக பயந்து, பேச்சு முடிஞ்ச இடத்துலயே நிறுத்திட்டாங்க. பேச்சோட கடைசிச் சாயம் அடுத்த சுத்துல ஏறியிருந்தது. அது ஒரு சுத்து நேரம், ஒன்றரை நொடி. அதை அவங்க அழிக்கலை. அது அங்கே இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது,” என்றார் அண்ணி.

“அது அம்மாவோட குரல். ஆனா அம்மா யாரைப் பாடச் சொல்றாங்க?” என்றார் தொகுப்பாளர்.

பாட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் ஆயிரம் முறை கேட்ட குரல்தான். இப்போது அதை வேறு மாதிரிக் கேட்டார்கள்.

“இந்த அம்மா ‘ஈரக்குடை’யை மேடையில பாடினதே இல்லை. ஏன்னா அது அவங்க பாடின பாட்டு இல்லை. அன்னைக்குத் தொண்டை மக்கர் பண்ணியிருக்கு. பின்னணி பாட வந்த தங்கச்சி பாடியிருக்காங்க. ஒரே வீட்டுக் குரல், யாரும் கண்டுபிடிக்கலை,” என்றார் அண்ணி.

“அப்ப அம்மாதான் அழிச்சிருக்காங்க. வெளியே தெரிஞ்சா மானம் போகும்னு,” என்று பாய்ந்தான் கொழுந்தன்.

“முந்திரிக்கொட்டை. சேர்க்கச் சொன்னதே அவங்க. மனசு மாறியிருந்தா வேண்டாம்னு ஒரு வார்த்தை போதும், யாரும் மீற மாட்டாங்க. தொகுப்பாளரும் அப்படித்தான், பிடிக்கலைன்னா சேர்க்காம விட்டுடலாம். டேப்பை அழிச்சுத்தான் ஆகணும்ங்கிற நிலைமை, இந்தப் பெட்டி விஷயத்துல வாயே திறக்க முடியாத ஒருத்தருக்குத்தான். காப்பாளருக்குக் காரணமே இல்லை. அதோட, மறுநாள் டேப் முதலுக்குச் சுத்தி வெச்சிருந்தது. கிடங்குல வேலை பாக்குற யாரும் அதைச் செய்ய மாட்டாங்க. அது தப்புன்னு தெரியாதவங்க, அதுதான் மரியாதைன்னு பதினெட்டு வருஷம் பழகினவங்க செஞ்சிருக்காங்க.”

தங்கை கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினார். மறுபடியும் திறந்தார்.

“மணி மூணரை ஆகுது. நாலு மணிக்கு இவங்களுக்கு வேலை போகும்,” என்றார் அண்ணி. குரல் உயரவில்லை.

“பழைய டேப், தானா அழிஞ்சுதுன்னு நினைப்பாங்கன்னு நெனச்சேன்.” தங்கை காப்பாளரின் முகத்தைப் பார்த்தார். “உங்க தலையில விழும்னு தெரியாதும்மா. தெரிஞ்ச அப்புறமும் ரெண்டு நாள் வாயை மூடிக்கிட்டுதான் இருந்தேன். அதுக்கு மன்னிப்பே கிடையாது.”

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அந்தப் பழியை இரண்டு நாள் சுமந்த காப்பாளர், காலையிலிருந்து முதல் முறையாக நாற்காலியில் முழுதாக உட்கார்ந்தார். கோபப்படத்தான் நினைத்தார். அழுகைதான் வந்தது. தொகுப்பாளர் பையிலிருந்து தான் எழுதிய புகாரை எடுத்து நான்காகக் கிழித்தார். அவருக்கும் முகம் கொடுக்க முடியவில்லை.

“அக்கா பேரைக் காப்பாத்தவா செஞ்சீங்க?” என்றார் அண்ணி.

“அப்படித்தான் எனக்கே சொல்லிக்கிட்டேன்.” தங்கை கைப்பையை மூடினார். “நான் பாடினேன்னு தெரியாத வரைக்கும் நான் ஒரு கேசட் கடைக்காரி. தெரிஞ்சா, இப்படிப் பாடினவ அப்புறம் ஏன் பாடலைன்னு கேப்பாங்க. என்ன சொல்றது? ஒருத்தரும் கூப்பிடலை, எனக்கு அவ்வளவுதான் யோக்கியதைன்னு சொல்லவா? அதை நான் எத்தனை வீட்டு வாசல்ல நின்னு சொல்றது?”

பாடகி ஊன்றுகோலைக் கீழே வைத்துவிட்டார்.

“கூப்பிட்டாங்க,” என்றார்.

தங்கை திரும்பினார்.

“அந்தப் பாட்டைப் பதிவு பண்ணவருக்கு மட்டும் உண்மை தெரியும். அடுத்த மாசமே உன்னைத் தனியா பாடவைக்கணும்னு வந்தார். உனக்குத் தொண்டையில கோளாறு, டாக்டர் பாடக்கூடாதுன்னுட்டார்னு நான் சொன்னேன். மறுபடியும் வந்தார். மூணு தடவை வந்தார்.” பாடகியின் குரல் பிசிறியது. “உன்கிட்ட நேரா சொல்ல எனக்கு வாய் வரலைடி. டேப் பேசட்டும்னு நெனச்சேன். பேச்சு வெளியே வந்தா நீ கேப்பே, நான் சொல்லித்தானே ஆகணும்னு நெனச்சேன்.”

“என்னைக் கூப்பிட்டாங்களா?” என்று கேட்டார் தங்கை. அக்காவிடம் கேட்ட மாதிரியே தெரியவில்லை. “மூணு தடவையா?”

“மூணு தடவை.”

எப்போதும் ஏதாவது சொல்லத் துடிக்கும் கொழுந்தன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பாட்டு எப்போதோ முடிந்திருந்தது. டேப்பின் நுனி மெஷினில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. காப்பாளர் எழுந்து போய் நிறுத்தினார்.

பாடகி தங்கையின் கையைத் தொட வந்தார். தங்கை கையை நகர்த்திக்கொண்டார். அக்காவின் கைப்பையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

தொகுப்பாளரின் போன் ஒலித்தது. தயாரிப்பகத்திலிருந்து. அவர் அதை அமுக்கிவிட்டு, புத்தகத்தின் கடைசி அச்சுப் பிரதியைப் பிரித்து ‘ஈரக்குடை’ இருக்கும் பக்கத்தை எடுத்தார். என்ன கேட்பது என்று தெரியாமல் பேனாவோடு அக்காவையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என் பேரைப் போடுங்க. இப்ப கேட்டா சொல்றதுக்குப் பதில் இருக்கு,” என்றார் தங்கை.

“சரிம்மா. அக்கா பேருக்குக் கீழே போட்டுடட்டுமா?”

தங்கை அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் அச்சாகியிருந்த அக்காவின் பெயரைக் கோடிட்டு அடித்தார். பக்கத்தில் தன் பெயரை, முதலெழுத்தோடு, முழுதாக எழுதினார்.