உணவுக்குப் பின் ஒரு வீடு

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யத் தயார். நான் நேரில் பார்க்கவில்லைதான். ஆனால் எனக்குச் சொன்னவர், எல்லாம் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக் கூடத்தின் நட்டநடுவில் காலையிலிருந்து சாயங்காலம் வரை அசையாமல் இருந்தவர். அதைவிட நல்ல சாட்சி கோர்ட்டுக்கே கிடைக்காது.

கடல்பார்த்தான் நகரிலிருந்து கடல் தெரியாது. மூன்றாவது பிளாக்கில் நாற்பத்தெட்டு வீடுகள். அங்கே யாருக்காவது சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடிவிடுவார்கள். பையன் பாஸ் செய்த செய்தியைப் படிக்கட்டில் நின்றுதான் சொல்வார்கள். பிறந்தநாள் கேக்கை இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் வெட்டுவார்கள். ஒரு கல்யாண நிச்சயதார்த்தமே முப்பத்தாறு படிகளில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் மேல்படிகளில், பெண் வீட்டார் கீழ்ப்படிகளில்.

காரணம், வீட்டுச் சுவரில் பதித்திருந்த துயர்மானி. தோசைக்கல் அளவில் வட்டமாக இருக்கும். மூச்சைக் கேட்கும், நடையைக் கேட்கும், குழாயைத் திறந்துவிட்டு மூட மறந்து எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்று கணக்கெடுக்கும். உள்ளே இருக்கும் ஆளின் மனத்துயரத்தைப் பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஒரு எண்ணாகக் காட்டும். வெங்காயம் நறுக்கி அழுதால் அரைப் புள்ளிகூட ஏறாது. படிக்கட்டுக்கு மட்டும் அதன் காது எட்டாது.

அந்த வீடுகள் வாடகை வீடுகள் அல்ல, மருந்துவீடுகள். காப்பீட்டுக் கழகத்து டாக்டர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்தவை.

தன்யாவுக்கு வீடு எழுதிக் கொடுத்த கதை இது. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் போர்வை மடிக்கிற வேலை அவளுக்கு. வயது நாற்பத்து மூன்று. அதுவரை அவள் தூங்கியது முறைப்படுக்கையில்: ஒரே கட்டிலில் ஒரு நாளைக்கு மூன்று பேர், ஆளுக்கு எட்டு மணி நேரம். இரண்டு வருஷமாகத் தலை சீவவில்லை. மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்த டாக்டர் ஒருநாள் கேட்டார்.

"தூக்கம் வருதாம்மா?"

"வருது சார். ஆனா பத்து மணிக்கு எழுப்பி விட்டுடறாங்க."

"யாரு?"

"அடுத்து படுக்க வர்றவங்க."

டாக்டர் மாத்திரைச் சீட்டைக் கிழித்துப் போட்டார். பிறகு எழுதினார்: 'வீடு, முந்நூறு சதுர அடி, ஒன்று. தினமும், உணவுக்குப் பின்.' கழகமும் கணக்குப் போட்டுப் பார்த்து, பதினோரு வருஷ மாத்திரையைவிட வீடு மலிவு என்று கண்டுபிடித்திருந்ததால் ஒத்துக்கொண்டது.

மருந்து என்றால் மருந்துக்கு உள்ள விதிதான். குணமானால் நிறுத்திவிடுவார்கள். மாலை ஆறு மணிக்கு எடுக்கும் அளவு தொடர்ந்து இருபத்தொரு நாள் நாற்பதுக்குக் கீழே இருந்தால் குணம் என்று அர்த்தம். ஒரே ஒரு நாள் மேலே போனாலும் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். குணமானவருக்குச் சான்றிதழும், காலி செய்ய ஏழு நாளும் கிடைக்கும். பிறகு பழைய முறைப்படுக்கை, பிறகு பழைய டாக்டர்.

தன்யா மருந்துவீட்டுக்கு வந்தபோது எண்பத்தாறு. முதல் மாதம் செய்ததெல்லாம் உள்தாழ்ப்பாள் போடுவது, எடுப்பது, மறுபடி போடுவது. அடுத்த மாதம் ஒரு சீப்பு வாங்கினாள். ஆறாம் மாதம் வடகம் பொரிக்கும்போது தன்னையறியாமல் வாய் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தது. துயர்மானி 'டிக்' என்று ஆறு புள்ளி இறங்கியது. அவள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அன்றிலிருந்து அடுப்பு பற்றவைக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாள். ஆனாலும் உடம்பு கேட்கவில்லை, குணமாகிக்கொண்டே வந்தது. முப்பத்தெட்டில் பத்தொன்பது நாள் ஓடிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை படிக்கட்டில் அவளைப் பிடித்து உட்கார வைத்தாள் எதிர்வீட்டு ஜோஷ்னா அக்கா. அறுபது வயது, ஐந்து வருஷமாக எழுபத்திரண்டிலேயே நிற்பவள். அந்த பிளாக்கில் எல்லோருக்கும் அவள்மேல் ஒரு மரியாதை.

"இன்னாடி, மூஞ்சி கழுவி பொட்டெல்லாம் வெச்சிருக்க? உனக்குப் பயமே இல்லியா?"

"பயமாத்தான் இருக்குதுக்கா. ஆனா பயப்பட்டாகூட ஏற மாட்டேங்குது. நேத்து பூரா எங்கம்மா செத்ததையே நெனச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். அம்மா செஞ்ச மீன் கொழம்பு ஞாபகம் வந்து ரெண்டு இறங்கிடுச்சு."

ஜோஷ்னா அக்கா தாடையில் கைவைத்து யோசித்தாள். "ஒரே நாள்தான? ஒரு சாவு விழுந்தா ஏறும்."

"யாருக்கா சாவறது?"

"அத்த அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல பிரவீன கூப்புடு."

கானா பிரவீன் கீழ்வீட்டுக்காரன். சாவு வீடுகளில் கானா பாடுவதில் அந்த வட்டாரத்திலேயே அவனை மிஞ்ச ஆளில்லை. அவன் பாடினால் பாக்கி வசூலிக்க வந்தவன்கூட மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பிப் போவான். விஷயத்தைக் கேட்டவன் சம்மதித்தான், ஒரு நிபந்தனையோடு.

"பேர் வோணும்க்கா. ஆளு எப்படிப்பட்டவரு, இன்னா துன்னுவாரு, எப்டி நடப்பாரு, அதெல்லாம் தெரியாம சொம்மா அழுவ வெக்க முடியாது. அது தொழிலுக்கே அசிங்கம்."

"லோகநாதன்னு வெச்சுக்க. தன்யாவுக்கு மாமா. லோகு மாமா."

ஞாயிறு காலை பந்தல் போட்டார்கள். 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டர் ஒட்டினார்கள். போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ. ஜோஷ்னா அக்காவின் மைத்துனர் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுபவர் என்பதால் ஒரு பெட்டியும் வந்து கூடத்தின் நடுவில் இறங்கியது. பெட்டியைச் சும்மா ஓடவிட மனசு வராமல், யாரோ இரண்டு டஜன் பன்னீர் சோடாவை உள்ளே அடுக்கி, மேலே வெள்ளைத் துணி போர்த்தி மாலை போட்டார்கள். வேலைக்குப் போகாத முப்பத்தொரு பேர், வீட்டுக்கு ஒருவராக, வந்து சுற்றி உட்கார்ந்தார்கள்.

பிரவீன் டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் பார்த்தான். "சொல்லுங்க. மாமா எப்படி?"

இல்லாத ஆளைப் பற்றி எப்படிச் சொல்வது? ஜோஷ்னா அக்காதான் முதலில், "இருமுவாரு. வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி தெருமுனையிலயே ஒரு இருமல். நாம சாதத்த வடிச்சிடலாம்," என்றாள். அது அவள் புருஷனின் இருமல். பத்து வருஷமாக அவள் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

"ஆரஞ்சு உரிச்சுத் தருவாரு," என்றார் மூன்றாம் மாடி நிசார் பாய். "நார் ஒண்ணுகூட இருக்காது. எல்லாத்தயும் எடுத்துட்டுத்தான் கையில குடுப்பாரு."

"சட்டைப் பையில எப்பவும் ஒரு ஊக்கு வெச்சிருப்பாரு," என்றது ஒரு குரல். "செருப்பு அறுந்தா உடனே எடுத்துக் குடுப்பாரு."

பிரவீன் ஒவ்வொன்றையும் பாட்டில் கோத்துக்கொண்டே போனான். இருமல் வந்தது, ஆரஞ்சு வந்தது, ஊக்கு வந்தது. துயர்மானி நாற்பத்தைந்தைத் தொட்டது. கடைசியாகத் தன்யாவிடம் வந்தான். "நீ சொல்லுக்கா. ஒன் மாமா."

தன்யா ஐஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நா நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்றப்போ பஸ் ஸ்டாப்ல நிப்பாரு. ஒண்ணும் பேச மாட்டாரு. பைய வாங்கிக்கினு முன்னால நடப்பாரு. அவ்ளோதான்."

அப்படி அவளுக்காக யாரும் எந்த பஸ் ஸ்டாப்பிலும் நின்றதில்லை. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். பிரவீன் அந்த ஒரு வரியை எடுத்து நாலு தடவை பாடினான். நாலாவது தடவை டோலக்கை நிறுத்திவிட்டு அவனே அழுதான். கூடமே உடைந்தது. ஆளாளுக்குத் தோளைப் பிடித்துக்கொண்டு, இல்லாத மனிதருக்காக, இருந்து போன அத்தனை பேரையும் சேர்த்து அழுதார்கள். மூன்று மணிக்குத் துயர்மானி எழுபத்தொன்று காட்டியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். இன்னும் மூன்று மணி நேரம் தாக்குப்பிடித்தால் போதும்.

இங்கேதான் தப்பு நடந்தது. அழுது தொண்டை வறண்டுபோன நிசார் பாய் நாலு மணிக்கு எழுந்து, மாலையை மரியாதையாக நகர்த்தி, பெட்டியைத் திறந்து ஒரு பன்னீர் சோடாவை எடுத்தார். மூடி 'டப்' என்று தெறித்தது.

"பாத்தியா," என்றார் நிசார் பாய், கண்ணீரோடு. "போறப்பகூட நம்மள வெறுந் தொண்டையோட அனுப்ப மனசில்ல மாமாவுக்கு."

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. அழுகை பாதி, சிரிப்பு பாதியாகக் கிளம்பியது, பிறகு முழுச் சிரிப்பாயிற்று. சோடா கை மாறியது. மாமா எத்தனை சீட்டாட்டத்தில் ஏமாற்றினார், எப்படி ஒருமுறை குடையைத் திருப்பிப் பிடித்து மழைத் தண்ணீர் பிடித்தார் என்று ஆளுக்கொரு கதை கிளம்பியது. தன்யா வடகம் பொரித்தாள், முணுமுணுத்துக்கொண்டே. படிக்கட்டுக்குப் போக வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆறு மணிக்கு மணியடித்தது. எல்லோரும் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பத்தொன்பது. அந்த நகர் கட்டிய நாளிலிருந்து அவ்வளவு குறைவாக யாரும் பார்த்ததில்லை.

"அடிப்பாவி," என்றாள் ஜோஷ்னா அக்கா, தன்னைத்தானே.

மறுநாளும் ஏறவில்லை. இருபத்தொரு நாள் முடிந்து, செவ்வாய்க்கிழமை துயர்மானிக் கணக்கெடுக்கும் கழகத்து அளவர் வந்தார். ஆதவ் என்று பெயர், முப்பது வயதிருக்கும், கசங்கிய சட்டை. குணச் சான்றிதழை நீட்டினார். தன்யா வாங்கிக்கொண்டாள். பெட்டி படுக்கையை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தாள். சீப்பு மட்டும் வெளியே இருந்தது.

"ஒரு சின்ன விஷயம்மா," என்றார் ஆதவ், கைப்பலகையைத் திருப்பிக் காட்டி. "மூணு மணிக்கு எழுபத்தொண்ணு, ஆறு மணிக்குப் பத்தொம்பது. எந்த மாத்திரையும் இப்படி இறக்காது. கழகத்து மதிப்பொறி மெஷின் காரணம் கேக்குது. எழுதலன்னா கோப்ப மூட முடியாது. நடுவுல என்ன மருந்து எடுத்தீங்க?"

வாசலில் நின்ற ஜோஷ்னா அக்காவை இரண்டு நாளாகக் குற்ற உணர்ச்சி அரித்துக்கொண்டிருந்தது. "லோகு மாமாதான் மருந்து. போதுமா? எழுதிக்க!" என்று கத்தினாள்.

"யாரு அவரு?"

சொன்னார்கள். உட்கார வைத்து, டீ கொடுத்து, இருமலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை எல்லாவற்றையும் சொன்னார்கள். போஸ்டரில் ரோஜாப்பூ மட்டும் இருப்பதை ஆதவ் பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்கும். ஆனால் டீ ஆறும்வரை எழுந்திருக்கவில்லை.

"பைய வாங்கிக்கினு முன்னால நடப்பாரா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"என்னையும் முறைப்படுக்கையில பத்து மணிக்கு எழுப்பிடுவாங்கம்மா," என்றார் ஆதவ், யாரையும் பார்க்காமல். பிறகு கைப்பலகையில் எழுதினார். மருந்தின் பெயர்: லோகு மாமா. மதிப்பொறி ஒரு நொடி யோசித்தது. அன்று அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த முப்பத்தொரு பேருக்கும் துயரம் இறங்கியிருப்பதைக் கண்டுபிடித்தது. சிறந்த மருந்து என்று முத்திரை குத்தியது. அடுத்த கேள்வி வந்தது: மருந்து இருப்பில் உள்ள இடம்? ஆதவ் அந்த வீட்டு எண்ணை எழுதினார். பாதுகாப்பாளர்? தன்யா என்று எழுதினார்.

மருந்துக் கிடங்கைக் காலி செய்யக் கூடாது, பூட்டக் கூடாது, பாதுகாப்பாளர் அங்கேயே தங்க வேண்டும் என்பது கழகத்தின் மிகப் பழைய விதி. வீடு லோகு மாமாவின் பேருக்கு மாறியது. நோயாளி யாரும் இல்லாததால் துயர்மானியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அந்த வட்டத் தழும்பின் மேல் தன்யா ஒரு கண்ணாடி மாட்டி, அதைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டாள்.

கழகத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இவ்வளவு மலிவான மருந்து இதுவரை கிடைத்ததில்லை. அடுத்த மாதத்திலிருந்து புது நோயாளிகள் யாருக்கும் வீடு கிடையாது, மாமா மட்டும்தான் என்று உத்தரவு போட்டது. மாமாவை வைக்க ஓர் இடம் வேண்டுமே என்பதைக் கழகத்தில் யாரும் யோசிக்கவில்லை. அன்று அழ வந்த முப்பத்தொரு வீட்டுக்காரர்களும் தத்தம் கூடத்தில் இல்லாத ஆள் ஒருவரை இழந்து, மருந்தாகப் பதிந்துகொண்டார்கள். பிறகு மிச்சம் பதினாறு வீடும். ஓர் அத்தை, இரண்டு சித்தப்பா, ஒரு பழைய கணக்கு வாத்தியார். பிரவீனுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆளில்லாமல் கிடந்த பதினாறாவது வீட்டு மருந்துக்கு ஆதவ் பாதுகாப்பாளராகி, முறைப்படுக்கையைக் காலி செய்துவிட்டு வந்து சேர்ந்தார்.

இப்போது கழகத்தின் பதிவேட்டைப் புரட்டினால், கடல்பார்த்தான் நகர் மூன்றாவது பிளாக்கில் நாற்பத்தெட்டு வீடுகளும் இறந்துபோனவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. உயிரோடு இருக்கிற ஒருவருக்கும் வீடு தேவைப்படவில்லை என்று ஆண்டறிக்கையில் பெருமையாக அச்சடித்திருக்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே சிரிக்கலாம் என்று ஆன பிறகும், பழக்கம் விடாமல், சாயங்காலமானால் எல்லோரும் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் எனக்கு விவரமாகச் சொன்னவர் லோகு மாமா; சொல்லிக்கொண்டே ஓர் ஆரஞ்சை உரித்து, நாரெல்லாம் எடுத்து, என் கையில் கொடுத்தார்.