கொலைக்குப் பின் இரண்டு நிமிடம்!

செல்போன் அலறியது.

அஃப்தாப் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். ஒரு கையில் ஸ்பேனர். மறு கையில் ஆயில் ஃபில்டர். போனை எடுக்க மூன்றாவது கை இல்லை.

அலறட்டும் என்று விட்டுவிட்டான். போன் விடுவதாக இல்லை.

முதுகால் நகர்ந்து வெளியே வந்தான். உக்கடத்தில் டர்போ வண்டிகளுக்கென்றே தனிப் பட்டறை வைத்திருப்பவன் அவன். வயது இருபத்தொன்பது. மனைவி சாயிரா பானுவைத் தலைப்பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தான். நாளைக் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். அந்த நினைப்பு வந்ததும் போனைப் பாய்ந்து எடுத்தான்.

அழைத்தது சாயிரா இல்லை. பத்மாவதி அம்மா. மில் முதலாளி திருமலைசாமியின் மனைவி.

"தம்பி... அவரு வண்டி கிடைச்சிருக்குது தம்பி..."

"வண்டி காணாமப் போச்சுங்களாம்மா?"

"விடிகாலைல எடுத்துட்டுப் போனாரு. இப்ப மேட்டுப்பாளையம் தாண்டி ஒரு பாக்குத் தோப்புல நிக்குதாம். சீட்டெல்லாம் ரத்தம் தம்பி! அவரைக் காணோம்!"

அஃப்தாப் பதில் சொல்ல வாயைத் திறந்தான்.

பட்டறை வாசலில் ஜீப் ஒன்று கிறீச்சிட்டு நின்றது!

இறங்கியவர் இன்ஸ்பெக்டர் கீதா.

"அஃப்தாப்ங்கறது?"

"நான்தானுங்க."

"கையைத் தொடைச்சுட்டு ஏறு!"

*

காலை பதினோரு மணி. மேட்டுப்பாளையம் பக்கத்து ஸ்டேஷன்.

"நேத்து சாயங்காலம், உன் பட்டறைல, ஏழு பேர் முன்னால திருமலைசாமிகிட்ட என்ன சொன்னே?"



"அது... ஏதோ கோவத்துலங்க..."

"என்ன சொன்னே?"

"'இப்படியே பண்ணீங்கன்னா ஒரு நாளைக்கு நானே உங்களைக் கொன்னுபோடுவேனுங்க'ன்னு சொன்னேனுங்க."

கீதா ஃபைலில் எழுதிக்கொண்டார்.

"மரியாதையாத்தான் மிரட்டியிருக்கே. எதுக்குச் சண்டை?"

"வண்டிய ஆஃப் பண்ண மாட்டேங்கறாருங்க."

"என்னது?"

"டர்போ வண்டிங்க மேடம். இஞ்சின் புகையோட வேகத்துல ஒரு சின்னச் சக்கரம் சுத்துமுங்க. நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல! இரும்பே செவந்துபோற சூடு. அந்தச் சக்கரத்தைக் காப்பாத்தறது ஆயிலுதானுங்க. வேகமா வந்து படக்குனு ஆஃப் பண்ணா ஆயில் அப்படியே நின்னு போகும். நின்ன எடத்துலயே கருகிக் கரியாகும். அப்படியே பண்ணிட்டிருந்தா டர்போ காலி."

"அதனால?"

"மலை ஏறி வந்தா, ஹைவேல விரட்டி வந்தா, ஒரு ரெண்டு நிமிஷம் சும்மா ஓட விட்டுட்டு அப்புறம் ஆஃப் பண்ணணுமுங்க. அந்த ரெண்டு நிமிஷத்துல சூடு தணிஞ்சிரும்."

கீதாவின் முகத்தில் மெல்லப் புன்னகை பரவியது. அது நல்ல புன்னகையாக அஃப்தாபுக்குத் தெரியவில்லை.

"ரொம்ப தேங்க்ஸ்ப்பா. என் வேலையைப் பாதி நீயே முடிச்சுட்டே. பாவாத்தாளை வரச் சொல்லுய்யா!"

பாக்குக் களத்தில் வேலை செய்யும் பாவாத்தாள் உள்ளே வந்தார். தோப்பில் காரை முதலில் பார்த்தவர் அவர்தான்.

"என்ன பார்த்தீங்கன்னு இவனுக்கும் சொல்லுங்கம்மா."

"ஏனுங்க அம்மணி, எத்தன தடவைதான் சொல்றது? காலைல ஆறு மணி இருக்குமுங்க. காரு வந்து தோப்புக்குள்ள நின்னுச்சு. நின்னது நின்னபடி உறுமிக்கிட்டே கெடந்துச்சு. உள்ளுக்குள்ள ஒரு ஆளு, தலைல துண்டைப் போட்டுக்கிட்டு கைக்கெடியாரத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தான். ரெண்டு நிமிசம் கழிச்சுத்தான் நிறுத்துனான். எறங்கி நடந்து போயிட்டானுங்க."

கீதா மேஜையைத் தட்டினார்.

"கேட்டியா? சீட்டெல்லாம் ரத்தம். கொலைகாரன்னா குதிச்சு ஓடணும்! இவன் ஓடலே. உக்காந்து டர்போவை ஆற வெச்சிருக்கான். யாருக்கு அந்தப் புத்தி வரும்? உன்னை மாதிரி மெக்கானிக்குக்கு வரும்!"



"ஆறு மணிக்கு நான் ஊட்டுல தூங்கிட்டு இருந்தேனுங்க..."

"யார் சாட்சி?"

சாயிரா ஆஸ்பத்திரியில். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"வண்டி பூரா உன் கைரேகை. டிக்கியில உன் பட்டறைத் துணி. நாலு மணிக்கு மேஜிஸ்ட்ரேட் முன்னால நிறுத்தறேன்."

"மேடம்! நாளைக்குக் காலைல என் சம்சாரத்துக்கு ஆபரேஷனுங்க..."

"பொணத்தை எங்கே போட்டேன்னு சொல்லு. பர்மிஷன் கேட்டுப் பார்க்கலாம்."

அழுகை வந்தது. பிறக்கப்போகும் பிள்ளையின் முகத்தைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றா பார்ப்பது? யோசி அஃப்தாப்... யோசி!

சட்டென்று பாவாத்தாள் பக்கம் திரும்பினான்.

"ஏனுங்கம்மா... காரு எந்த வேகத்துல வந்துச்சுங்க?"

"வேகமா? அட நீ வேற கண்ணு! எம்பட ஆட்டுக்குட்டி முன்னால போகுது, அது பின்னாலயே வருது. ரோட்டுல இருந்து ஒரு மைலும் ஊந்துக்கிட்டேதான் வந்துச்சு!"

அஃப்தாப் சிரித்தான். ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான்!

"என்னய்யா சிரிப்பு?"

"மேடம், ஒரு மைல் ஊந்துட்டு வந்தா டர்போ வழியிலயே ஆறியிருக்குமுங்க! அப்புறம் ரெண்டு நிமிஷம் நிக்கறது பெட்ரோலுக்குப் பிடிச்ச தெண்டம். போதாததுக்கு இந்த வண்டி டர்போவைச் சுத்தித் தண்ணி ஓடுதுங்க. ஆஃப் பண்ண பின்னாலயும் கரண்ட்டு பம்ப்பு அது பாட்டுக்குத் தண்ணியச் சுத்த விடும். நானா இருந்தா நின்ன உடனே சாவியத் திருப்பிட்டு எறங்கியிருப்பேன்!"

"அப்ப உக்காந்திருந்தது?"

"இதைத்தானுங்க நேத்துத் தொண்டை கிழியச் சொன்னேன்! பக்கத்துத் தெருவுல பால் வாங்கிட்டு வந்தாக்கூட கடிகாரத்தைப் பார்த்து ரெண்டு நிமிஷம் வண்டிய ஓட விட்டுட்டு நிக்கற ஆளு இந்தக் கோயமுத்தூர் ஜில்லாவுலயே ஒருத்தருதான்!"

"யாரு?"

"செத்துப்போனவருங்க!"

கீதா பேனாவை மூடினார். முகத்தில் இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"தன்னைத் தானே கொன்னுட்டு, வண்டிய ஆற வெச்சுட்டு, எந்திரிச்சு நடந்து போயிட்டாரா? நல்லா இருக்குதே! கோர்ட்டுல சிரிப்பாங்க. எனக்கு ஆதாரம் வேணும்."

"குடுக்கறேனுங்க. கைரேகை எல்லாம் எடுத்தாச்சுங்களா?"

"காலைலயே எடுத்துட்டுத்தான் வண்டிய இங்கே கொண்டாந்தோம். சாவியும் அதுலயே இருந்துச்சு."

"வாசல்ல டிவிக்காரங்க நிக்கறாங்க. அவங்க கேமரா முன்னால வண்டிய ஸ்டார்ட் பண்ணி, காட்டுத்தனமா மிதிச்சு அலற விட்டு... படக்குனு ஆஃப் பண்ணச் சொல்லுங்க!"

கீதா ஜன்னல் வழியே வாசலில் நின்ற காரைப் பார்த்தார். பிறகு குரல் கொடுத்தார்.

"நாகூர் மீரான்! அந்தச் சாவிய எடுய்யா!"

*

கான்ஸ்டபிள் நாகூர் மீரானுக்கு அன்றைக்கு யோகம். அரசாங்கச் சம்பளத்தில் அடுத்தவன் காரை மிதிக்கும் வாய்ப்பு எல்லோருக்குமா கிடைக்கும்?

மிதித்தார்!

சிவப்புக் கார் ஸ்டேஷன் வாசலில் நின்றபடியே அலறியது. மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன. அடுத்த விநாடி...

டப்! இஞ்சின் ஆஃப்!

அஃப்தாபுக்கே நெஞ்சு வலித்தது.

இன்னொரு தடவை. அலறல்... ஆஃப்!

கீதா கேமராவைப் பார்த்துப் பேசினார். "இது விசாரணையில ஒரு பகுதி. சாயங்காலம் வரைக்கும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை இப்படிச் செஞ்சு பார்க்கப் போறோம்."

நேரலை போனது.

பன்னிரண்டரை... பன்னிரண்டு நாற்பது...

எதுவும் நடக்கவில்லை. கீதா அஃப்தாபை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினார்.

பன்னிரண்டு நாற்பத்தேழு.

ஸ்டேஷன் போன் அடித்தது!

கீதா ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஏனுங்க... நான் பொதுஜனத்துல ஒருத்தன் பேசறனுங்க." மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவது போன்ற குரல். "டிவில பார்த்தனுங்க. அந்த வண்டிய அப்படிப் பண்ணக் கூடாதுங்க. பாவமுங்க!"

"அது கொலை நடந்த வண்டிங்க. உங்களுக்கென்ன?"

"கொலை கெடக்குதுங்க! ஆயில் கருகிப் போயிருமுங்க! மொதல்ல அந்தத் தடியனை எறங்கச் சொல்லுங்க. ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் ஓட விடுங்க. போன மாசந்தான் ஆயில் மாத்துனேன்!"

ஸ்டேஷனே போன் பக்கம் திரும்பியது.

கீதா தேனாகப் பேசினார்.

"யாருங்க மாத்துனது?"



"...ராங் நம்பருங்க."

வைத்துவிட்டார்.

அது அவிநாசியில் ஒரு லாட்ஜின் நம்பர் என்று கண்டுபிடிக்க நாலு நிமிடம் ஆனது.

*

மூன்றரை மணிக்குத் திருமலைசாமி தலையில் அதே துண்டோடு ஜீப்பிலிருந்து இறங்கினார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. நேராகக் காரிடம் போய் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார்.

அதற்குள் பத்மாவதி அம்மாவும் வந்திருந்தார்.

"சீட்டுல ரத்தம்?" கீதா கேட்டார்.

"நாட்டுக்கோழிங்க."

"எதுக்கு இந்தக் கூத்து?"

"எம்பட வண்டிய இவ வெலை பேசிட்டாளுங்க! நாளைக்குப் பெருந்துறைக்காரரு வந்து எடுத்துட்டுப் போறதா இருந்துச்சு. பதிலுக்குப் பேட்டரி காரு வாங்கறாளாம். டர்போவே இல்லாத காரு! மனுசன் ஓட்டுவானா? ரத்தம் பட்ட வண்டின்னா வாங்கறவன் ஓடிருவான்னு நெனச்சனுங்க. ஓடியும் போயிட்டான். பத்து நாள் கழிச்சுத் தப்பிச்சு வந்த மாதிரி வரலாம்னு..."

பத்மாவதி அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகை போன இடத்துக்குக் கோபம் வந்திருந்தது.

"முப்பத்தாறு வருசத்துல எனக்காக ரெண்டு நிமிசம் நின்னிருக்கீங்களா?"

திருமலைசாமி பானெட்டிலிருந்து கையை எடுத்தார்.

"என்னை உள்ளே தள்ளப் பார்த்தீங்களேங்க!" அஃப்தாப் அவர் எதிரே வந்து நின்றான்.

"உன்னைப் பிடிப்பாங்கன்னு சத்தியமா நெனைக்கல தம்பி. மன்னிச்சுப்போடு."

மன்னிக்கலாமா என்று அஃப்தாப் யோசிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு இப்போதே கிளம்பினால் சாயிராவோடு உட்கார்ந்து சாயங்கால டீ குடிக்கலாம். அந்த நினைப்பே இனித்தது.

"நீ கிளம்புப்பா," என்றார் கீதா.

திருமலைசாமி தொண்டையைக் கனைத்தார். "அப்ப... சாவியக் குடுத்தீங்கன்னா நானும் வண்டிய எடுத்துட்டு..."

"சாவியா?" கீதா சிரித்தார். "பொய்த் தடயம் உண்டாக்கி போலீசை ஏமாத்தியிருக்கீங்க. வண்டிதான் முக்கியமான சாட்சி. கேஸ் முடியற வரைக்கும் அது இங்கேதான் நிக்கும்."

திருமலைசாமி ஸ்டேஷன் காம்பவுண்டைப் பார்த்தார். அங்கே ஒரு வேனுக்குள் வேப்பங்கன்று முளைத்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கேஸ் முடிய... எத்தனை நாளாகுமுங்க?"

"வருஷக் கணக்குல கேளுங்க."

திருமலைசாமி அங்கிருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். கேட்டைத் தாண்டிய அஃப்தாப் திரும்பிப் பார்த்துக் கத்தினான்.

"கவலைப்படாதீங்க முதலாளி... இனி உங்க டர்போ சூடே ஆகாதுங்க!"