முப்பதாவது உரிமம்

தீவின் தலைநகரான சூவாவில் மூன்று நாளாக மழை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பல்கலைக்கழகமே காலியாகிக் கிடந்த அந்த மதியத்தில், வரைபட மென்பொருளின் முப்பது உரிமங்களில் ஒன்று மட்டும் யார் கையிலோ இருப்பதாக மெரெசெய்னியின் திரை காட்டியது. எந்த மென்பொருளை ஒரே நேரத்தில் எத்தனை பேர் திறக்கலாம் என்று வலையமைப்பில் காவல் பார்ப்பது அவள் வேலை. எல்லா உரிமமும் திரும்பி வந்தால் சர்வரை அணைத்துவிட்டு, மாலைப் பஸ்ஸில் சிங்கடோகாவுக்குப் பிள்ளைகளிடம் போய்விடலாம்.

யாரென்று பார்த்தாள். மாடி ஆய்வகம், ஒன்பதாம் கணினி. பெயர்: மெரெசெய்னி ரொகோவசா.

அவள் பெயர்.

உரிமத்தைப் பறித்தாள். எண் பூஜ்ஜியமானது. மூச்சு விடுவதற்குள் மறுபடி ஒன்று. அதே பெயர்.

காவலாளி விலிகேசாவுக்குப் போன் போட்டாள்.

"விலி, மாடி லேப்ல யாரு?"

"என்னக்கா, கிண்டலா? நீங்கதான். நான்தானே கதவத் திறந்துவிட்டேன். டீ வேணுமான்னு கேட்டா வாயே திறக்கல. என் மேல அப்படி என்ன கோவம்?"

"டேய், நான் கீழ ஆபீஸ்ல இருக்கேன்."

"சரி சரி, பேய்க்கதையெல்லாம் கவா குடிக்கிறப்போ சொல்லுங்க." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

ஈரச் சுவரின் பூஞ்சை நாற்றத்துக்கும் தகரக் கூரையில் அறையும் மழைக்கும் நடுவே அவள் படியேறியபோது, எலி கொறிப்பதுபோல் மவுஸ் சொடுக்கும் ஓசை, அவள் நின்றால் தானும் நின்று, நடந்தால் தானும் தொடர்ந்து, மேலேயிருந்து வந்துகொண்டே இருந்தது.

கதவுக் கண்ணாடியில் முகம் பதித்தாள்.

ஒன்பதாம் கணினியில் ஒருத்தி. முதுகு மட்டும் தெரிந்தது. மெரெசெய்னி போட்டிருந்த அதே நீலப் பூப்போட்ட சட்டை. அதே சுருள்முடி. திரையில் இந்தக் கட்டடத்தின் வரைபடம். படிக்கட்டு. நடைவழி. கதவு. கதவுக்கு வெளியே, கண்ணாடியில் முகம் பதித்து, ஓர் உருவம்.

சொடுக்கு. உருவத்தின் பாதங்கள் அழிந்தன.

மெரெசெய்னி கதவைத் தட்டினாள். ஓசை எழவில்லை. கத்தினாள். மழை மட்டும்.

சொடுக்கு. முழங்கால்வரை.

கீழே குனிந்து பார்க்கத் துணிவில்லை.

சொடுக்கு.

டீக் கோப்பையோடு விலிகேசா வந்தான். அவள் நின்ற இடத்தின் வழியாகவே நடந்து போய்க் கதவைத் திறந்தான்.

"அக்கா, பஸ் போயிடும். போலாமா?"

உள்ளே இருந்தவள் திரும்பவில்லை. குரல் மெரெசெய்னியின் குரல்.

"ஆமா விலி, பிள்ளைங்க காத்திருக்கும். இன்னும் கொஞ்சந்தான் பாக்கி."

திரையில், கதவுக்கு வெளியே, ஒரு கை மட்டும் மிச்சமிருந்தது. அது இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.