சோப்பு டப்பா வென்ற டாக்டர்

செவ்வாயின் மூன்றாம் குமிழ்நகரில் ஆண்டுப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. வளையம் எறியும் கடையில் ஒரு தம்பதி, ஏதோ பேசிக்கொண்டே ஆளுக்கு நாலைந்து வளையங்களை எறிந்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு சோப்பு டப்பாவைச் சுற்றிக் கச்சிதமாக விழுந்தது. பரிசைக்கூட எடுத்துக்கொள்ளாமல் நகர்ந்தார்கள்.

அங்கே இதில் வியப்பேதும் இல்லை. காற்றுக்குழாயைப் பழுதுபார்ப்பவரின் கை நடுங்கினால் ஊரே மூச்சுத்திணறும் என்பதால், பிறக்கும் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ‘குறிநரம்பு’ என்ற இழையைப் பதித்துவிடுவார்கள். கண் நினைத்த இடத்தைக் கை தொடும். தவறவே தவறாது.

பொருட்காட்சிச் செயலாளர் தனகோடி, கடைக்காரி பூரணியிடம் வந்தார்.

“கடையைக் காலி பண்ணிடும்மா. ஈ, காக்கா இல்ல. இங்க ராட்டினத்துக்கு இன்னொரு வாசல் வைக்கப்போறோம்.”

“நாளைக்கு ஒருநாள் பாருங்கண்ணே. அப்புறம் நீங்க சொல்றபடி செய்யுறேன்.”

பூரணி நேராக மருத்துவமனைக்குப் போனாள். இழையைப் பழுதுபார்க்கும்போது அதை உறங்கவைக்க அங்கே காந்தத்திரை உண்டு. கழித்துப்போட்ட பழைய திரை ஒன்றை அறுவை மருத்துவர் நஸீமாவிடம் கேட்டாள்.

“எதுக்கு பூரணி?”

“ஜனங்க தோக்கணும் டாக்டர்.”

நஸீமா சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் கடைமுன் கட்டிய திரைக்குள் நின்று முதலில் எறிந்தவரின் வளையம் பக்கத்துப் பஞ்சுமிட்டாய்க் கடையில் போய் விழுந்தது. அவர் தன் கையை யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தார். அவர் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “இன்னொண்ணு குடும்மா!” என்றார் அவர். மாலைக்குள் வரிசை ராட்டினத்தையே சுற்றி வளைத்துவிட்டது. தனகோடியும் எறிந்து, தோற்று, சட்டைக் கையை மடித்துக்கொண்டு மறுபடியும் வரிசையின் கடைசிக்கு ஓடினார்.

வேலை முடிந்து நஸீமா வந்தார். வாழ்நாளில் கை தவறியறியாதவர். முதல் வளையம் தவறியது. அடுத்ததும். உதட்டைக் கடித்துக்கொண்டு எறிந்துகொண்டே இருந்தார். “போடுங்க டாக்டர், போடுங்க!” என்று கூட்டம் கத்தியது. ஒரு வளையம் டப்பாவின் விளிம்பில் தட்டி, தயங்கி, மெல்ல உள்ளே இறங்கியது.

பொருட்காட்சியே அதிர்ந்தது. நஸீமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு திடலைச் சுற்றி வந்தார்கள். சோப்பு டப்பாவைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தபடி அவர் அழுதார். “பூரணி, என் கை போட்டுச்சு! என் சொந்தக் கை!”

“இந்த இடம் இனிமே உன்னோடதும்மா,” என்றார் தனகோடி. பூரணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் கடை திறக்க வந்தவள் எதிரே பார்த்தாள். ஆளுயரப் பலகையில் நஸீமா டப்பாவோடு சிரித்துக்கொண்டிருந்தார். ‘வெற்றி வளையப் பயிற்சி மையம். முதலிடம் பெற்ற எங்கள் மாணவி!’

“நீங்க இங்க படிச்சீங்களா டாக்டர்?” என்று, வேலைக்குப் போகும் வழியில் வந்து நின்ற நஸீமாவிடம் கேட்டாள்.

“இத எப்பத் தொறந்தாங்கன்னே எனக்குத் தெரியாது,” என்றார் நஸீமா. பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தார். “ஆனா, படம் நல்லாத்தான் வந்திருக்கு, இல்ல?”

பயிற்சி மையத்து வாசலில் பெற்றோர்கள் முண்டியடித்தார்கள். குழந்தையை இடுப்பில் சுமந்த ஒரு தாய், பூரணியின் தோளைத் தொட்டுக் கவலையோடு கேட்டாள்:

“இவளுக்கு ரெண்டு வயசு முடிஞ்சிருச்சு. இப்பச் சேத்தா லேட்டாயிடுமாக்கா?”