உயரம் சொல்லாத ஆலயம்

மழைக்கு ஒதுங்குகிறவன் மழைக்கு மட்டும் ஒதுங்கிவிட்டுப் போக வேண்டும். ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, உள்ளே வேலை செய்கிறவளைப் பார்த்து "இல்லை, இல்லை" என்று தலையை ஆட்டக் கூடாது.

அவன் ஆட்டினான்.

அவள் கட்டடங்களுக்கு மாதிரி செய்கிறவள். அக்காவும் அவளுமாக நடத்தும் பட்டறை அது. மேசையில் இருந்தது அருங்காட்சியகத்துக்கான ஓர் ஆலயம். எங்குமே கட்டப்படாத ஆலயம்! சிறைபிடிக்கப்பட்டுப் போன ஜனங்களோடு வாழ்ந்த ஓர் எபிரேயத் தீர்க்கதரிசி, அதைத் தரிசனத்தில் கண்டாராம். அளவுகோல் பிடித்த ஒருவர் வாசல் வாசலாக, அறை அறையாக அளந்துகாட்ட, தீர்க்கதரிசி அத்தனையையும் எழுதி வைத்திருக்கிறார். பட்டறைக்கு வந்த முதல் உருப்படியான வேலை இதுதான். இது கைவிட்டுப் போனால் பழையபடி அடுக்குமாடி விற்பவர்களுக்குப் பிளாஸ்டிக் மரம் நட வேண்டியதுதான்.

கதவைத் திறந்து, என்ன வேணும் என்றாள். சொட்டச் சொட்ட உள்ளே வந்தான். நீர் வழிந்த மூக்குக் கண்ணாடியைக் கழற்றியதும் தெரிந்த கண்கள்… சரி, கண்கள் நன்றாகத்தான் இருந்தன. அதற்காக விட்டுவிட முடியுமா?

"கிழக்கு வாசல் திறந்திருக்கு," என்றான். "அது மூடியிருக்கணும்."

அந்த வாசலுக்கு நகக்கண் அளவில் கீல் வைக்க அவளுக்கு ஒரு நாள் முழுக்கப் போயிருந்தது. நீங்கள் யார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். கல்லூரியில் எபிரேயம் சொல்லிக்கொடுக்கிறானாம். மாணவர்கள் ஒரே பெஞ்சில் அடங்கிவிடுவார்களாம். கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் வந்தது.

"ஆண்டவர் அந்த வழியாத்தான் உள்ள வந்தார். அதனால அதுல இனிமே வேற யாரும் வரக் கூடாது. மூடினது யாரையும் தள்ளி வைக்கறதுக்கு இல்லைங்க… வரவேண்டியவர் வந்துட்டார்ங்கறதுக்கு அடையாளம்."

அவன் சொன்ன விதத்தில் அவளுக்கு என்னவோ செய்தது. எரிச்சலாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவன் போனதும் கீலைப் பிடுங்கிவிட்டுக் கதவை அழுத்தி ஒட்டினாள்.

அடுத்த நாளும் வந்தான். அதற்கடுத்த நாளும். வானம் வெளுத்த பிறகும் வந்தான். அக்கா அவனுக்கு ஈர வாத்தியார் என்று பெயரே வைத்துவிட்டாள்.

வந்ததுதான் வந்தான், உபயோகமாக இருக்கட்டுமே என்று தன் பெரிய தலைவலியை அவனிடம் சொன்னாள். தீர்க்கதரிசி எழுதியதில் நீளம் இருக்கிறது, அகலம் இருக்கிறது, சுவரின் கனம்கூட இருக்கிறது. நடுவில் நிற்கும் பெரிய மாளிகைக்கு உயரம் மட்டும் இல்லை.

"தெரியல," என்றான்.

உத்தேசமாகவாவது சொல்லுங்கள் என்றாள். அவர் சொல்லவில்லையே என்றான். சுவரெல்லாம் பேரீச்ச மரமும், கேரூப் என்கிற சிறகுள்ள தேவதூதர் உருவமும் மாறி மாறி வருவதையும், கேரூபுக்கு ஒரு முகம் மனிதன், ஒரு முகம் சிங்கம் என்பதையும் சொல்லத் தெரிந்த மனிதர் உயரத்தை மறந்துவிட்டாரா என்று கேட்டாள். மறந்தாரா, அவருக்குக் காட்டவில்லையா, அதுவும் தெரியாது என்றான். பசைப் புட்டியை அவன் தலையில் கவிழ்க்கலாமா என்று வந்தது அவளுக்கு.

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்தத் தரிசனத்துக்கு முன்பே எதிரிகள் எரித்துப்போட்ட பழைய ஆலயத்துக்கு உயரம் சொல்லியிருக்கிறது. உள்ளே நீளமும் அகலமும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருந்தன. அப்புறம் என்ன? அதே உயரத்தில் சுவரை ஏற்றிக் கூரையும் போட்டு, துணியால் மூடி வைத்தாள். அவன் கேட்டபோது, அதெல்லாம் பண்ணியாச்சு என்று மிதப்பாகச் சொன்னாள்.

பார்வையிட வந்த அருங்காட்சியக அதிகாரி ஆலோசனைக்கென்று ஓர் ஆளைக் கூட்டி வந்தார். ஈர வாத்தியார்! அவனைப் பார்த்ததும் அவள் மனசு ஒரு துள்ளு துள்ளியது… வெட்கங்கெட்ட மனசு. அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"எல்லாமே சரி. உயரம் மட்டும் இதோடது இல்ல. எரிஞ்சு போன ஆலயத்தோட உயரத்த, இன்னும் வராத ஆலயத்துக்கு வெச்சிருக்காங்க."

வாரக் கடைசிக்குள் திருத்தாவிட்டால் வேலையை வேறு இடத்தில் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார். அவன் தயங்கி நின்றான்.

"எங்கிட்ட தனியா சொல்லியிருக்கக் கூடாதா?"

"துணி போட்டு மூடி வெச்சிருந்தீங்க."

"அவர்கிட்ட சும்மாவாவது சரின்னு சொல்லியிருக்கலாம்."

"எனக்கு அது வராதுங்க."

"அப்ப இனிமே மழை பெஞ்சா வேற இடம் பாருங்க."

பார்த்துக்கொண்டான். அதுதான் கொடுமை. மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது, அவன் வரவில்லை. சொன்ன சொல்லை இப்படியா கேட்பான் ஒரு மனிதன்? வாசலை எட்டி எட்டிப் பார்த்த தங்கையைக் கண்டு அக்காவுக்கே சலித்துப்போனது. "வராதேன்னா வராம இருக்கற ஆம்பளைய நான் பார்த்ததே இல்லடி. போய்க் கூட்டிட்டு வந்து தொலை."

போகவில்லை. ரோஷம். மாதிரியின் முன்னால் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தாள். வீடு எரிந்து, ஊர் போய், அந்நிய மண்ணில் கிடந்தவர்களுக்கு எதற்காக ஒருவர் அறை அறையாக அளந்து சொல்ல வேண்டும்? உங்களுக்கு நிற்க இடம் இருக்கிறது என்று சொல்லத்தானே… தரையை அளந்துகொடுத்தார். தலைக்கு மேலே எவ்வளவு என்பதை விட்டுவிட்டார். பழைய உயரத்திலேயே நிறுத்திக்கொள்ள அவள் யார்?

ரம்பத்தை எடுத்தாள். கூரை போனது. மேல் சுவரை அறுத்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் கண்ணாடி போல் தெளிந்த மெல்லிய தகடுகளை ஏற்றினாள். எங்கே முடிகிறது என்று கண்ணால் பிடிக்க முடியவில்லை.

இப்போது ரோஷம் நிற்கவில்லை. தலையெல்லாம் மரத்தூளோடு கல்லூரிக்குப் போய், அந்த ஒற்றை பெஞ்சின் முன்னால் பாடம் நடத்திக்கொண்டிருந்தவனைக் கையோடு கூட்டி வந்தாள்.

பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

"இத்தனை வருஷம் படிச்சும் எனக்கு இது தோணல," என்றான். குரல் இறங்கியிருந்தது. "அதிகாரிகிட்ட இதுதான் சரின்னு சொல்வேன். அன்னிக்குச் சொன்னதும் நிஜம்தான். ஆனா உங்க முகம் வாடினதப் பார்த்துட்டு… வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியல."

அவள் மேசையில் கிடந்த ரம்பத்தை எடுத்துச் சத்தமாகத் தள்ளி வைத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். தெரியலன்னு மட்டும் சொல்லாதீங்க. மழையில்லாத நாள்லயும் வந்தீங்களே… எதுக்கு?"

"உங்களப் பார்க்க. உங்கள எனக்கு ரொம்பப் பிடிக்கும். அது முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சா சொல்ல வேண்டாமா?"

"நீங்க கேக்கலையே."

இந்த மனிதனை வைத்துக்கொண்டு காலம் பூராவும் என்ன பாடு படப்போகிறாளோ… அதை நினைத்ததுமே கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, கண்ணில் நீரும் சேர்ந்து வந்தது. அவனுடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கும் உங்களப் பிடிச்சிருக்கு… கர்மம்."